குழாய் சொல்லாததை பில் சொல்லும்: வாடகைக் கட்டடம் வாங்குவதற்கு முன்

எட்டு வீடுகள் உள்ள பழைய கட்டடம் ஒன்றை வாடகை வருமானத்துக்காக வாங்கப் போகிறீர்கள். எட்டிலும் ஆள் இருக்கிறார்கள். பத்திரத்தை வக்கீல் பார்த்துவிட்டார். தண்ணீருக்குப் பொது இணைப்பு ஒன்றும் போர்வெல் ஒன்றும் இருக்கின்றன. "இத்தனை வருடத்தில் தண்ணீர்ப் பிரச்சினையே வந்ததில்லை" என்கிறார் விற்பவர். நீங்கள் போய்க் குழாயைத் திறந்தபோதும் நன்றாகத்தான் வந்திருக்கிறது. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் இவற்றில் எதையெல்லாம் சோதிப்பது, குறை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: விற்பவரின் அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணம் போடலாமா? கூடாது என்றால் அதற்குப் பதிலாக எதை நம்புவது?

கட்டடம் வாங்குபவர்களுக்காகக் குழாய், வடிகால், மோட்டார் எல்லாவற்றையும் சோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். பல வருடமாக அதைத்தான் செய்கிறேன். சட்டம் ஊருக்கு ஊர் மாறும், நான் வக்கீலும் இல்லை. எனவே சட்டம் குறுக்கிடும் இடங்களில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் சொல்கிறேன். முதலில் ஒன்று. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பியவருக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மோட்டாருக்கு காயில் கட்டியவருக்கும், மாதா மாதம் சாக்கடை அடைப்பு எடுத்தவருக்கும் அவரவர் கணக்கில் 'பிரச்சினை' இல்லைதான். காசு கொடுத்துச் சமாளித்துவிட்டார், மறந்தும் விட்டார். ஆனால் கொடுத்த காசு எங்காவது பதிவாகியிருக்கும். அதைத் தேடிப் போங்கள்.

அதனால் குழாயைத் தொடுவதற்கு முன்னால் பில்களைக் கேளுங்கள். குறைந்தது இரண்டு வருடத்துக்கு, கிடைத்தால் மூன்று வருடத்துக்கு. தண்ணீர் பில், மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் ஓடுகிற பொது மீட்டரின் மின் பில், லாரித் தண்ணீர் ரசீதுகள், செப்டிக் டேங்க் எடுத்த செலவு, பிளம்பருக்குக் கொடுத்தது. 'எல்லாம் எங்கே வைத்தேனோ தெரியவில்லை' என்றால், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இணைப்பு வைத்திருப்பவர் விண்ணப்பித்தாலே பழைய கணக்கு அலுவலகத்தில் கிடைக்கும். விற்பவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அதற்குக்கூடத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பில் கையில் வந்ததும் ஒரு சின்னக் கணக்கு. எட்டு வீட்டிலும் சேர்த்து 26 பேர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைத் தேவைகளுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது ஐ.நா. சொல்கிற அளவு. தடையில்லாமல் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு 150 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம். அப்படியென்றால் கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு 3,900 லிட்டர், மாதத்துக்கு 1,17,000 லிட்டர், அதாவது 117 கன மீட்டர். பொது இணைப்பின் பில் மட்டுமே 200 கன மீட்டர் காட்டுகிறது என்றால் எங்கோ கசிகிறது, இல்லையென்றால் குடியிருப்பவர் அல்லாத யாரோ எடுக்கிறார்கள். 40 தான் காட்டுகிறது என்றால் மீதி 77 போர்வெல்லிலிருந்தோ லாரியிலிருந்தோ வர வேண்டும். போர்வெல் அவ்வளவு கொடுக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மாதா மாதம் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் மீட்டர் நின்றுவிட்டது, சராசரி போட்டு பில் அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். என்றைக்காவது மீட்டரை மாற்றிச் சரியான கணக்கு எடுக்கும்போது பாக்கித் தொகை அப்போதைய உரிமையாளர் தலையில் வந்து விழும்.

பொது மீட்டரின் மின் பில்லைத் தண்ணீர் ஆவணமாகப் படிக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, இழப்பே இல்லை என்று வைத்தால் 0.27 யூனிட் போதும். மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் பாதிக்கு மேல் வீணாகும் என்பதால் நடைமுறையில் 0.6 யூனிட்டுக்குப் பக்கத்தில் ஆகும். மேலே சொன்ன 77 கன மீட்டரை அந்த ஆழத்திலிருந்து ஏற்ற மாதம் 46 யூனிட் போல வரும். இந்த எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்பின் வயது, குழாயின் விட்டம் எல்லாம் இதை மாற்றும். ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே மாதத்தை மூன்று வருடம் ஒப்பிட்டால் கிடைக்கிற போக்கு பொய் சொல்லாது. குடியிருப்பவர் எண்ணிக்கை மாறாமல், விளக்குகள் மாறாமல், கோடை மாத யூனிட் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனால் ஒன்று நீர்மட்டம் இறங்குகிறது, அல்லது பம்ப் தேய்கிறது. கோடையில் யூனிட் திடீரென்று குறைந்தால் அதைவிடக் கவனம் வேண்டும். மோட்டார் ஓடவில்லை, லாரி வந்திருக்கிறது.

சரி, இப்போது கட்டடத்துக்குப் போகலாம். எல்லா வீட்டிலும் சொல்லி, மிதவை வால்வுகளையும் மூடி, ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்காமல் வைத்துக்கொண்டு மீட்டர் ரீடிங்கை முன்னும் பின்னும் எழுதுங்கள். எண் நகர்ந்தால் கசிவு உறுதி. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, செலவும் இல்லை. எங்கே கசிகிறது என்பதுதான் அடுத்த வேலை. வீட்டுக்குள் கசிவதென்றால் பெரும்பாலும் கழிவறை ஃப்ளஷ் தொட்டிதான் குற்றவாளி. தொட்டியில் கொஞ்சம் வண்ணம் கலந்துவிட்டுப் பதினைந்து நிமிடம் அழுத்தாமல் இருங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் ரப்பர் அடைப்பான் போய்விட்டது. சத்தமே இல்லாமல் இப்படி ஓடுகிற ஒரு தொட்டி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டரைத் தின்னும். நொடிக்கு ஒரு சொட்டு விழுகிற குழாயே வருடத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டரை வீணாக்கும். இவையெல்லாம் மலிவாகத் தீருகிற குறைகள். பேரத்தில் பெரிதாக ஊதவும் வேண்டாம். தரைக்கடியில், தூணுக்குப் பக்கத்தில் கசிகிற லைன்தான் பயப்பட வேண்டியது. புது பெயின்ட் அடித்த சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். கட்டடக் காப்பீட்டில் திடீரென்று வெடித்த குழாய்க்குப் பணம் வரும், மாதக்கணக்கில் மெல்லக் கசிந்ததற்குப் பெரும்பாலும் வராது. பாலிசியில் இந்த வரியை விரல் வைத்துப் படியுங்கள்.

போர்வெல்லைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். எல்லோரும் செய்கிற சோதனை, மோட்டாரைப் போட்டுக் குழாய் நிறையக் கொட்டுவதைப் பார்த்துத் தலையாட்டுவது. அது மோட்டாரின் பலத்தைக் காட்டும், நிலத்தடியில் ஊறுகிற வேகத்தைக் காட்டாது. 15 செ.மீ. விட்டமுள்ள துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 17.5 லிட்டர் நிற்கும். 60 மீட்டர் தண்ணீர் நின்றால் ஆயிரம் லிட்டருக்கு மேல் ஆகிறது. நிமிடத்துக்கு 60 லிட்டர் இறைக்கிற மோட்டார், துளையில் ஒரு சொட்டுகூட ஊறாவிட்டாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஜோராகக் கொட்டிக் காட்டும். நீங்கள் பார்த்தது அந்தக் கால் மணி நேரமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது பம்ப் சோதனை. மோட்டாரை நிறுத்தி நீர்மட்டம் நிலைத்தபின் ஆழத்தை அளப்பார்கள். பிறகு ஒரே வேகத்தில் பல மணி நேரம் இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்கி எங்கே நிற்கிறது என்று குறிப்பார்கள். நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்குத் திரும்புகிறது என்பதையும் பார்ப்பார்கள். இந்தக் கடைசி எண்ணை நான் அதிகம் மதிக்கிறேன். மட்டம் இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிட்டது, சில மணி நேரத்தில் திரும்பிவிட்டது என்றால் நல்ல கிணறு. இறங்கிக்கொண்டே போய், மறுநாள் காலையிலும் பழைய இடத்துக்கு வரவில்லை என்றால், நீங்கள் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோடையின் கடைசியில் செய்த சோதனைக்குத்தான் மதிப்பு. மழை முடிந்த கையோடு செய்தால் எந்தக் கிணறும் தேர்ச்சி பெறும்.

இன்னொரு பக்கமும் உண்டு. குறைவாக ஊறுகிறது என்று கேட்டதும் பதற வேண்டாம். உங்கள் கட்டடத்துக்கு நாளைக்கு 3,900 லிட்டர் என்றால், இருபத்துநான்கு மணி நேரமும் பரவலாக மணிக்கு 163 லிட்டர் ஊறினாலே கணக்கு சரியாகிவிடுகிறது. மெல்ல ஊறுகிற, ஆனால் வருடம் முழுவதும் ஊறுகிற கிணறும், தரைக்கடியில் பெரிய சேமிப்புத் தொட்டியும் (சம்ப்) இருந்தால் நிம்மதியாக வாடகைக்கு விடலாம். சம்ப்பில் ஒரு நாள் தேவையாவது நிற்க வேண்டும், இரண்டு நாள் என்றால் மோட்டார் பழுதையும் தாங்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நின்றுவிடுகிற பாதுகாப்பு ஸ்டார்ட்டரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இவ்வளவும் சோதித்த பிறகும் ஒன்றை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது: பத்து வருடம் கழித்து இந்தக் கிணறு எப்படி இருக்கும் என்பது. பக்கத்து மனையில் நாளைக்கு ஒருவர் இன்னும் ஆழமாகத் துளைத்தால் உங்கள் மட்டம் இறங்கலாம். 1843 இல் இங்கிலாந்தில் ஆக்டன் எதிர் பிளண்டெல் வழக்கில், தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை ஒருவர் எடுப்பதால் பக்கத்துக்காரரின் கிணறு வற்றினாலும் வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு பல நாடுகள் உரிமம், எடுக்கும் அளவுக்கு வரம்பு, ஆழத்துக்கு வரம்பு என்று கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்துவிட்டன. சில இடங்களில் அந்தப் பழைய தர்க்கம் இன்றும் ஓடுகிறது. வக்கீலிடம் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தப் போர்வெல்லுக்கு அனுமதி இருக்கிறதா? அந்த அனுமதி வீட்டு உபயோகத்துக்கா, வாடகைத் தொழிலுக்குமா, உரிமையாளர் மாறினால் கூடவே வருமா? நீங்களாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சுற்றியுள்ள நான்கைந்து கட்டடங்களில் எத்தனை அடியில் தண்ணீர், எப்போது கடைசியாக ஆழப்படுத்தினார்கள் என்று விசாரியுங்கள். நிலத்தடி நிபுணரைக் கூப்பிடுவதற்கு முன்பே பாதிக் கதை தெரிந்துவிடும்.

பொது இணைப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் கதையைச் சொல்வேன். ஸ்காட்ஸ்டேல் நகர எல்லைக்கு வெளியே இருக்கிற குடியிருப்பு அது. கிணறு சரியில்லாத நூற்றுக்கணக்கான வீடுகள் அந்த நகரத்தின் தண்ணீரை லாரியில் வாங்கி வந்தன. வறட்சியைக் காரணம் காட்டி நகரம் முன்கூட்டியே எச்சரித்தது; 2023 ஜனவரி 1 முதல் நிறுத்தியும் விட்டது. வீடுகள் பெரியவை, பத்திரங்கள் சுத்தமானவை, தண்ணீர் மட்டும் இல்லை. பிறகு இடைக்கால ஏற்பாடு ஒன்று வந்தது என்றாலும், அந்த மாதங்களில் அங்கே வீட்டை விற்க நினைத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்தப் பகுதிகளில் ஒரு நிலத்தை ஆறு மனைக்கு மேலாகவோ ஆறாகவோ பிரித்தால் 100 வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். ஐந்துக்குள் பிரித்தால் வேண்டாம். ஐந்து ஐந்தாகப் பிரித்து விற்றார்கள். எந்த விதியும் மீறப்படவில்லை, வாங்கியவர் தொண்டைதான் வறண்டது.

எனவே இணைப்பு 'இருக்கிறது' என்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் மனை அந்த நீர் வழங்கும் அமைப்பின் எல்லைக்குள் வருகிறதா? கொடுத்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு உண்டா, அல்லது சலுகையாக விட்டிருக்கிறார்களா? ஒரு வீட்டுக்கு வாங்கிய இணைப்பில் எட்டு வீடு ஓடுகிறதா? லைன் பக்கத்து மனை வழியாக வந்தால் அதற்கான வழி உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? பக்கத்து மனைக்காரர் நல்லவர் என்பது ஆவணம் ஆகாது. அவரும் ஒரு நாள் விற்பார். பஞ்ச காலத்தில் எவ்வளவு வெட்டுவார்கள் என்பதற்கும் பழைய அறிவிப்புகளைப் பாருங்கள். கேப்டவுனில் 2018 பிப்ரவரியில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வந்தது. அந்த அளவில் உங்கள் கட்டடம் தாங்குமா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீரின் தரத்துக்கு வருகிறேன். கையில் ஒரு டிடிஎஸ் மீட்டரை வைத்துக்கொண்டு 'எண் 300 தான், அருமையான தண்ணீர்' என்பவர்களை நம்பாதீர்கள். கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் அது காட்டும். 600 மி.கி.க்குக் கீழே சுவை நன்றாக இருக்கும், 1,000 தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்கிற அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஆர்சனிக்கும் ஈயமும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்கிற வரம்பில் பேசப்படுபவை. அந்த எண்ணில் அவை கண்ணுக்கே தெரியாது. கிருமியையும் அது காட்டாது. ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கிணற்று நீருக்கு ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், இரும்பு, கடினத்தன்மை, ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் கிருமி) இவையாவது வேண்டும். ஃபுளோரைடுக்கு வரம்பு 1.5 மி.கி., நைட்ரேட்டுக்கு 50 மி.கி., ஈ.கோலை 100 மி.லி. தண்ணீரில் இருக்கவே கூடாது. நைட்ரேட் அதிகம் என்று வந்தால் உரமோ சாக்கடையோ கிணற்றை எட்டியிருக்கிறது. அதைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது. நீர் ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். கடினத்தன்மை 200 மி.கி. தாண்டினால் ஹீட்டரிலும் குழாயிலும் சுண்ணாம்பு படியும். உடல்நலத்துக்குக் கேடில்லை, பராமரிப்புச் செலவுக்குக் கேடு.

ஈயம் மட்டும் தனிக் கதை. அது பெரும்பாலும் கட்டடத்துக்குள் இருக்கிற குழாயிலிருந்து வருவது. ஆறு மணி நேரம் யாரும் திறக்காத குழாயின் முதல் தண்ணீரைப் பிடித்து அனுப்ப வேண்டும். ஓடவிட்டுப் பிடித்தால் சோதனை வீண். தண்ணீர் உள்ளே நுழைகிற குழாயை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளி போல் மின்னி, காந்தமும் ஒட்டாமல், மென்மையாக இருந்தால் ஈயம். காந்தம் ஒட்டினால் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். பழைய ஜிஐ குழாய் நாற்பது ஐம்பது வருடத்தில் உள்ளே துருவேறித் துளை சுருங்கிப் போகும். வெளியே பார்க்கத் திடமாக இருக்கும், மேல்மாடியில் ஷவர் அழும். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை போட்ட பாலிபியூட்டிலின் குழாய்கள் குளோரின் பட்டு நொறுங்கிப் பெரிய வழக்கில் முடிந்தன. மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரம் 2014 இல் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. அதுவரை பெரிதாகத் தொந்தரவு தராத அதே குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. போன வருடத்துச் சோதனை அறிக்கையை விற்பவர் நீட்டினால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நீர் ஆதாரம் மாறியிருந்தால் அதற்கு மதிப்பில்லை.

வருகிற தண்ணீருக்கு நூறு கேள்வி கேட்பவர்கள் போகிற தண்ணீரைக் கேட்பதே இல்லை. என் அனுபவத்தில் வாங்கியபின் பெருஞ்செலவு வைப்பது அதுதான். முதலில் தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் பேசுங்கள். அடைப்பு எடுத்தால் மேல்மாடிக்காரருக்குத் தெரியவே தெரியாது. கழிவு கிளம்புவது கீழ்வீட்டுக் குளியலறையில். அப்புறம் எட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் செய்யச் சொல்லி, வாளி வாளியாக ஊற்றச் சொல்லி, வெளியே ஆய்வுத்தொட்டியின் மூடியைத் திறந்து நின்று பாருங்கள். தண்ணீர் வேகமாக ஓடி வடிந்துவிட வேண்டும். தேங்கி மெல்ல இறங்கினால் சரிவு கெட்டிருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ மறிக்கிறது. 100 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு என்பது பழைய கைக்கணக்கு. அதற்குப் பிறகு கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மர வேர், உடைந்த இணைப்பு, நடுவில் தொய்ந்த குழாய் எல்லாம் படத்தில் தெரியும். கேமராவுக்கு ஆகிற செலவு, தரையைத் தோண்டுகிற செலவில் ஒரு சின்னப் பங்குதான். கட்டடத்திலிருந்து பொதுச் சாக்கடை வரை போகிற குழாய் யாருடையது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் சாலைக்கு அடியில் இருக்கிற பகுதிகூட உரிமையாளர் பொறுப்புதான். சாலையைத் தோண்டிச் செப்பனிடும் செலவும் அவருடையதே.

செப்டிக் டேங்க் என்றால், எத்தனை பேருக்காக அது கட்டப்பட்டது என்று அனுமதி வரைபடத்தில் பாருங்கள். நான்கு வீடாகக் கட்டி, பிறகு தடுப்புச் சுவர் வைத்து எட்டாக்கிய கட்டடங்கள் நிறைய. வாடகை இரண்டு மடங்கானது, தொட்டி அப்படியே இருந்தது. மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பது சாதாரணம்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த ரசீதுகள் இருந்தால் தொட்டி சிறியது, அல்லது கழிவுநீர் மண்ணில் இறங்கும் பகுதி அடைத்துவிட்டது. இரண்டாவதுதான் மோசம். அதைத் துப்புரவு செய்து மீட்க முடிவது அரிது, புதிதாக இடம் தேட வேண்டும், மனையில் இடம் இருக்காது. கோடையில் ஓர் இடத்தில் மட்டும் புல் கருகருவென்று செழித்திருந்தால் அங்கே போய் நின்று பாருங்கள். போர்வெல்லுக்கும் இதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். பல நாட்டு விதிகளில் 15 முதல் 30 மீட்டர் கேட்பார்கள். பாறை வெடிப்புள்ள நிலத்தில் அந்தத் தூரமும் போதாமல் போகலாம். அங்கே ஆய்வக முடிவுதான் பேச வேண்டும்.

மின்சாரத்துக்கு நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவர் அரை நாள் ஒதுக்கினால் போதும். அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு, எட்டு வீட்டிலும் ஏசி போட்டால் தாங்குமா, எர்த் இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற கருவி இருக்கிறதா, மீட்டர்கள் வீட்டு வாரியாகச் சரியாகப் பிரிந்திருக்கின்றனவா. கடைசியைச் சோதிக்க ஒவ்வொரு மீட்டராக அணைத்துப் பாருங்கள். மூன்றாம் வீட்டு மீட்டரில் பொது மோட்டார் ஓடுவது அபூர்வமில்லை. எரிவாயு லைன் இருந்தால் அழுத்தச் சோதனை ஒன்று.

தண்ணீருக்கு ஒரே மீட்டர், செலவு உங்கள் தலையில் என்றால், வீட்டுக்கு வீடு துணை மீட்டர் வைக்க முடியுமா என்று இப்போதே பாருங்கள். அமெரிக்காவில் 2004 இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றில், துணை மீட்டர் வைத்த அடுக்ககங்களில் பயன்பாடு ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருந்தது. மொத்த பில்லை ஆள் கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ பங்கிட்ட கட்டடங்களில் சொல்லும்படியான குறைவு இல்லை. நான் பார்த்ததும் அதுவே. பங்கு போட்டால் சண்டைதான் மிஞ்சும். அளந்து கொடுத்தால் குழாயை மூடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே குழாய் நுழைந்தால்தான் துணை மீட்டர் எளிது. குளியலறைக்கு ஒரு லைன், சமையலறைக்கு ஒரு லைன் என்று மொட்டை மாடியிலிருந்து தனித்தனியாக இறங்குகிற பழைய கட்டடங்களில் வீட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் வேண்டியிருக்கும். குடியிருப்பவரிடம் தண்ணீர்க் காசு வசூலிக்க உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். பாக்கி விஷயமும் அவருக்கே: பல இடங்களில் தண்ணீர், சாக்கடை பாக்கி ஆளோடு போகாது, சொத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாக்கி இல்லை என்று அலுவலகம் கொடுக்கிற சான்று இல்லாமல் பதிவுக்குப் போகாதீர்கள்.

விலையைக் குறைத்துக் கேட்கலாமா? தாராளமாக. ஆனால் 'தண்ணீர் சரியில்லை, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்' என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு தடவை செலவழித்தால் தீர்வது ஒரு வகை: குழாய் மாற்றுவது, தொட்டி கட்டுவது, சாக்கடை லைன். இதற்கு இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கி அப்படியே கழிக்கச் சொல்லுங்கள். வருடா வருடம் தொடர்வது இன்னொரு வகை: லாரித் தண்ணீர், கூடுதல் மின்சாரம், அடிக்கடி கசடு எடுப்பது. இதை வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும். வருட நிகர வருமானம் விலையில் 8 சதவீதமாக இருக்கும்படி இந்தக் கட்டடத்துக்கு விலை பேசியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். விற்பவர் கணக்கில் காட்டாத செலவு வருடம் 1,00,000 என்று தெரிந்தால், அதை 0.08 ஆல் வகுத்துப் பாருங்கள்: 12,50,000. உங்கள் பேரத்துக்கு அடிப்படை இந்த எண், ஒரு வருடச் செலவு அல்ல. விற்பவர் முழுவதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அவருடைய பில்களையே மேஜையில் வைத்துப் பேசும்போது மறுக்கவும் வழியிருக்காது.

இப்போது மழைக்காலம் என்றால் கோடை நிலைமையை நீங்கள் சோதிக்கவே முடியாது. அப்போது விலையில் ஒரு பகுதியை மூன்றாம் தரப்பிடம் நிறுத்திவைத்து, கோடை முடிவில் செய்யும் பம்ப் சோதனை ஒப்பந்தத்தில் எழுதிய அளவைக் கொடுத்தால் விடுவிப்பது என்று பேசலாம். எவ்வளவு லிட்டர், எத்தனை மணி நேரம், யார் அளப்பது என்பதெல்லாம் எண்ணாக எழுதப்பட வேண்டும். 'போதுமான தண்ணீர்' என்று எழுதினால் அது நீதிமன்றத்துக்குத்தான் வழி. மூன்று விஷயத்தில் மட்டும் நான் விலை பேசவே சொல்ல மாட்டேன், விலகிவிடச் சொல்வேன்: ஒன்று, கிணற்றுக்கு அனுமதி இல்லை, பொது இணைப்பும் சலுகையில்தான் ஓடுகிறது; இரண்டு, கழிவுநீர் இறங்கும் நிலம் அடைத்துவிட்டது, மாற்று இடமும் இல்லை; மூன்று, 'பில்லையும் காட்ட மாட்டேன், பம்ப் சோதனைக்கும் விட மாட்டேன், வேறு ஆள் வாங்கத் தயாராக இருக்கிறார்' என்று விற்பவர் அவசரப்படுத்துகிறார்.